முனைவர் அண்ணன்: மூணு நிமிஷத்துல என்ன சொல்றது?

ராயப்பேட்டை கவுன்ட்டர்:

கண் தெரியாத நம்ம அண்ணனுக்குப் போன புதன்கிழமை வைவா, அதான் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, முடிஞ்சது. இனிமே அவர் முனைவர். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருவல்லிக்கேணியில சின்னதா ஒரு பாராட்டுக் கூட்டம். என்னை மூணு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பேங்க் கவுன்ட்டர்ல உட்கார்றவ, மைக்கைக் கையில குடுத்தா எனக்குப் பேரே மறந்துடும். நோட்டீஸ்ல "இருளை வென்ற சூரியன்"னு அச்சடிச்சே முடிச்சுட்டாங்க. அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். "சூரியனா? எனக்கு வெயில்ல அஞ்சு நிமிஷம் நின்னாலே தலைவலி வரும்மா"ன்னார்.

அதனால கேக்கறேன். அவர்கூடப் பழகினவங்க எல்லாரும் அவங்கவங்களுக்கு நடந்ததை எழுதுங்க. "தன்னம்பிக்கையின் சிகரம்" வேண்டாம். நடந்தது மட்டும் போதும். பேர் போடக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டார்.

முதல்ல என் கதை. 2017. அவர் எம்.ஏ. தமிழ் கடைசி செமஸ்டர். அவருக்கு ஸ்கிரைப் வேணும்னு ஃபிரெண்ட் ஒருத்தி சொல்லி, ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போனேன். எனக்கு அப்போ தெரிஞ்சதெல்லாம் அவர் சொல்லுவார், நான் எழுதணும், அவ்வளவுதான். மூணு மணி நேரப் பரீட்சைக்கு அவங்களுக்கு மணிக்கு 20 நிமிஷம் கூடக் கிடைக்கும், ஆக மொத்தம் நாலு மணி நேரம்னுகூட அங்க போய்த்தான் தெரிஞ்சது.

கேள்வித்தாளைப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் எந்தக் கேள்வியை எந்த வரிசையில எழுதணும்னு ஒரு திட்டம் போட்டுட்டு ஆரம்பிச்சார். "வேற்றுமைத்தொகைன்னு எழுதும்மா. த் போட்டியா?" போடலை. "போடு." ரெண்டு பக்கம் தள்ளி, திடீர்னு நிறுத்தி, "என்ன, யோசிக்கிறியா?"ன்னார். ஆமா, "அஃறிணை"க்கு எந்த றன்னு யோசிச்சுட்டு இருந்தேன். எப்படித் தெரியும்னா, "பேனா சத்தம் நின்னுடுச்சே"ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரைக்கும் பேனாவுக்குச் சத்தம் உண்டுன்னே நான் கவனிச்சதில்லை.

வெளிய வந்தா என் நடுவிரல் வீங்கியிருக்கு. நன்றி சொல்லுவார்னு பார்த்தேன். சொன்னார். சொன்ன கையோட, "நாளன்னிக்கு என் ரூம்மேட்டுக்கு ஒரு ஆள் வேணும், உன் ஆபீஸ்ல யாராவது இருக்காங்களா?"ன்னார். அன்னிக்கு ஆரம்பிச்சது. எங்க கிளையில இருந்து மட்டும் ஏழு பேர் அவரோட பட்டியல்ல இருக்கோம்.

பட்டியல்னா பிரெயில்ல ஒரு தடி நோட்டு. ஒவ்வொரு ஸ்கிரைப்புக்கும் ஒரு குறிப்பு. எனக்கு என்ன எழுதியிருக்கீங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டேன். விரலை ஓட்டிப் படிச்சார்: "எழுத்து அழகு. ஒற்று சந்தேகம்."

இன்னொன்னு. வைவாவுக்கு நானும் போயிருந்தேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல வேற்றுமைக்கு உரையாசிரியர்கள் எங்கெங்க முரண்படறாங்கன்னுதான் அவரோட ஆய்வு. இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர். அஞ்சு பேர். நமக்கு மேஜையில அஞ்சு புத்தகத்தையும் விரிச்சு வச்சுக்கலாம். அவருக்கு ஒரு குரலைக் கேட்டு மனசுல வச்சுக்கிட்டுத்தான் அடுத்த குரலைக் கேக்கணும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். இவர் "வேற்றுமை தாமே எட்டென மொழிப"ன்னு நூற்பாவை எடுத்து, மூணு உரையை அப்படியே வாயால அடுக்கிக் காட்டினார். தேர்வாளர் தன் கையில இருந்த தாளைக் கீழ வச்சுட்டுக் கேட்டார். நான் பார்த்தேன்.

மெய்ப்பு தாத்தா:

நான் அச்சகங்களில் 38 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன். அம்மையார் மேலே ஒரு நூற்பாவைத் தவறாக எழுதியிருக்கிறார். திருத்தும் உரிமையை ஆய்வாளருக்கே விட்டுவிடுகிறேன்.

தம்பி என்னிடம் வந்தது ஒரு பென்டிரைவுடன். பழைய உரைநூல் ஒன்றை யாரோ புண்ணியவான் முழுவதும் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். ஆனால் பாமினி எழுத்துருவில். "ஐயா, இதைக் கேளுங்கள்" என்று மடிக்கணினியைத் திறந்தார். அவர் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பான், "அம்மா" என்று இருந்த இடத்தில் "எம் கே செமிகோலன் கே எச்" என்று வாசித்தது. திரையில் பார்க்கிற எனக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் வெறும் குப்பை. நாற்பதாண்டுக் காலம் எழுத்தைக் கண்ணால் பார்த்தே பிழைத்த எனக்கு, எழுத்துக்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

ஒருங்குறி (யூனிகோடு) மாற்றியில் போட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். மிச்சத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். கொம்பு இடம் மாறும், துணைக்கால் ரகரமாகிவிடும். நான்கு மாதம் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தோம். நான் திருத்துவேன், அவர் அந்த இயந்திரக் குரலை நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். நடுவில் நிறுத்துவார். "ஐயா, இங்கே ஒரு வலி மிகாது." பார்ப்பேன். மிகாதுதான். நான் திருத்தி முடித்த 60 பக்கங்களில் அவர் எடுத்த பிழைகள் 11. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

அந்தக் கோப்பைத் தன் ஆய்வு முடிந்ததும் மூடி வைத்திருக்கலாம். அடுத்த வாரமே தமிழ் படிக்கிற பார்வையற்ற மாணவர்கள் 20 பேருக்கு அனுப்பிவிட்டார். "பதிப்புரிமைச் சிக்கல் வராதா தம்பி?" என்றேன். பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றிக்கொள்ள 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடம் கொடுத்திருப்பதை எனக்கு வகுப்பெடுத்தார். என் அச்சக வாழ்வில் பதிப்புரிமை பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

வந்தவாசி தம்பி:

நானும் டோட்டல்தான், பார்வை சுத்தமா கிடையாது. எல்லாரும் அவரைப் புகழ்றீங்க, நான் அவர்கிட்ட வாங்கின திட்டைச் சொல்றேன்.

ஊர்ல இருந்து வந்த புதுசு. ஹாஸ்டல்ல இருந்து காலேஜுக்கு யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் போவேன். ஸ்டிக் பையில இருக்கும், எடுக்க வெக்கம். அவர் ஒருநாள் சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனார். படி ஏறி, இறங்கி, திரும்ப ஏறி. மூணாவது தடவை, "நான் இங்கயே நிக்கிறேன், நீ மேல போய் பிளாட்பாரத்துல யார்கிட்டயாவது மணி கேட்டுட்டு வா"ன்னார். போனேன். கேட்டேன். பத்து நாப்பது. அதைச் சொல்லத்தான் இறங்கி வந்தேன். அவரைக் காணோம். கூப்பிட்டா, அவர் பிளாட்பாரத்துல எனக்குப் பின்னாடியேதான் நின்னுட்டு இருந்தாராம். "மணி கேட்டப்ப உன் குரல் நல்லா வந்துச்சு"ன்னார்.

இது நல்ல கதை. இப்ப கெட்ட கதை. ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர் நான் சுத்தமா படிக்கல. போன் பண்ணி, "அண்ணே, இந்தப் பேப்பர் தெரிஞ்ச ஸ்கிரைப்பா பாத்து அனுப்புங்க"ன்னேன். ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டார். பரீட்சைக்கு ஆள் அனுப்பினார். ஒரு பிளஸ் டூ பையன், அவனுக்குத் தமிழே தகராறு. அரியர் விழுந்தது. ஆறு மாசம் நான் அவர்கிட்ட பேசல. அரியர் எழுதறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பாடத்தை ரெக்கார்ட் பண்ணி 14 ஆடியோ ஃபைல் வந்துச்சு. மெசேஜ் ஒண்ணும் இல்ல. பாஸ். 71 மார்க்.

அந்த 14 ஃபைல்லயும் பின்னாடி ஹாஸ்டல் மெஸ்ல தட்டு கழுவுற சத்தம் கேக்கும். ராத்திரி பத்தரைக்கு மேலதான் அங்க தட்டு கழுவுவாங்க.

தூங்குமூஞ்சி:

சரி, நானும் சொல்லிடறேன். நாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லல.

நான் அப்போ இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர். நாமளே ஸ்கிரைப் கூட்டிட்டுப் போனா, அவங்க தேர்வு எழுதறவரைவிட ஒரு படி கம்மியா படிச்சிருக்கணும்னு 2018-ல நெறிமுறை வந்துச்சு. அதனால டிகிரி எழுதறவங்களுக்கு என்னை மாதிரி பிளஸ் டூ முடிச்ச ஆளுங்கதான் வேணும். ராத்திரி 12 மணிக்கு "கண்டிப்பா வரேன் அண்ணா"ன்னு சொன்னேன். நாலு மணி வரைக்கும் கேம் ஆடினேன். எந்திரிச்சப்ப மணி 10:20. போன்ல 17 மிஸ்டு கால்.

நான் யாருக்கு எழுத வேண்டியதோ அந்த அக்கா பரீட்சை ஹால் வாசல்ல தனியா நின்னுட்டு இருந்திருக்காங்க. அண்ணா அப்போ மயிலாப்பூர்ல. டீக்கடைக்குப் போன் பண்ணி, டீ மாஸ்டரோட பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான்னு ஞாபகம் வச்சு, அவனை ஆட்டோல ஏத்தி அனுப்பியிருக்கார். 10:35-க்கு எழுத ஆரம்பிச்சாங்களாம். அந்தப் பையன் சட்டையில டீக்கறையோடதான் எழுதினானாம்.

நான் சாயங்காலம் நேர்ல போய் நின்னேன். திட்டுவார்னு நெனச்சேன். "சாப்டியா?"ன்னார். அதுக்கு அறை வாங்கியிருக்கலாம். அப்புறம் அந்த நோட்டை எடுத்து ஸ்லேட்ங்கிற பிரெயில் சட்டத்தை மாட்டி, ஸ்டைலஸ் ஊசியால குத்தினார். வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா குத்துவாங்க, தெரியுமா? திருப்பினாத்தான் படிக்கலாம். டக் டக் டக்னு ஒரு வரி. என்ன எழுதறீங்கன்னு கேட்டேன். "நீ நல்ல பையன். காலைத் தேர்வுக்குக் கூப்பிடக் கூடாது."

அதுக்கப்புறம் 23 பரீட்சை எழுதியிருக்கேன். எல்லாம் மத்தியானம்.

பீச் தாம்பரம்:

வணக்கம். நான் வாயால பேசித்தான் டைப் அடிக்கிறேன். தப்பு இருந்தா போனைத் திட்டுங்க.

நான் எலக்ட்ரிக் டிரெய்ன்ல ரேஷன் கார்டு கவர், கர்ச்சீப், பேனா விக்கிறவன். எனக்குக் கண்ணு முழுசா தெரியாது. தம்பி டிரெய்ன்ல என்கிட்ட பேனா வாங்கிட்டு நூறு ரூபா குடுத்துச்சு. மீதி எண்ணிக் குடுத்தேன். "அண்ணே, நீங்க குடுத்ததுல ஒண்ணு இருநூறு"ன்னு திருப்பிக் குடுத்துச்சு. அந்தத் தம்பிக்கும் கண்ணு தெரியாதுன்னு எனக்கு அப்பதான் தெரியும். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்திருப்பாங்க.

பழைய நோட்டு ஒண்ணுக்கொண்ணு நல்லா சைஸ் வித்தியாசம் இருக்கும், விரல் இடுக்குல வச்சாலே சொல்லிடுவேன். 2016-க்கு அப்புறம் வந்த நோட்டு எல்லாம் எங்களுக்குப் பெரிய தொல்லை. புது நூறு 142 மில்லிமீட்டர். இருநூறு 146. ஐநூறு 150. நாலு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலம் மூணுக்கும் ஒண்ணே. ஓடற வண்டியில, நெரிசல்ல, வேர்த்த கையில எப்படிப் பாக்கறது? ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரில மணின்னு ஒரு ஆப் விட்டாங்க, நோட்டைக் காட்டினா சொல்லும். நல்ல ஆப்தான். ஆனா ஒரு கையில சரக்கு, ஒரு கையில கம்பி, போனை எந்தக் கையில புடிக்கிறது?

தம்பி ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி, மூணு இடத்துல பள்ளம் போட்டுக் குடுத்துச்சு. நோட்டு ஓரத்தை அட்டை ஓரத்துல வச்சா, அந்தப் பக்கம் எந்தப் பள்ளத்துல முடியுதுன்னு விரலுக்குத் தெரிஞ்சுடும். சட்டைப் பையில வச்சிருக்கேன். மூணாவது அட்டை இது, ரெண்டு நனைஞ்சு போச்சு. எங்க ஆளுங்க பாதிப் பேர்கிட்ட இருக்கு.

2020-ல வண்டி நின்னப்ப எங்களுக்கு வருமானம் ஒரேயடியா நின்னுச்சு. எங்க கூட்டத்துல பதினாலு வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வந்துச்சு. அதை நிறையப் பேர் குடுத்தாங்க, எல்லாரும் நல்லா இருக்கணும். ஆனா அந்த நேரத்துல எங்க கையைத் தொட யாருக்கும் பயம். ரோடு தாண்டவே ஆள் கிடையாது. அந்தத் தம்பி மட்டும் தினம் ராத்திரி எட்டு மணிக்குக் கான்ஃபரன்ஸ் கால் போடும். பதினாலு வீடும் லைன்ல இருக்கும். யாராவது கதை படிப்பாங்க, யாராவது பாடுவாங்க. என் பொண்டாட்டி அந்த லைன்லதான் "அவருக்கு சுகர் மாத்திரை தீந்து போச்சு"ன்னு சொன்னா. நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மறுநாள் மாத்திரை வந்துச்சு.

நாலாம் நம்பர் ரூம்:

நான் அவரோட பழைய ரூம்மேட். எனக்கு பார்ஷியல், கொஞ்சம் பார்வை உண்டு. யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

இந்தச் சேவைக்கெல்லாம் விலை அவரோட ஆய்வுதான். ஏப்ரல், நவம்பர் வந்தா அவர் ஒரு பக்கம்கூட எழுத மாட்டார். காலை ஆறரைக்குப் போன் ஆரம்பிக்கும். "வந்துட்டீங்களா? எந்த கேட்? ஹால் டிக்கெட்டை ஸ்கிரைப் கையில குடு." மத்தியானம் அடுத்த பேட்ச். ஃபெல்லோஷிப், அதான் ஆய்வு உதவித்தொகை, அப்போ முதல்ல மாசம் 31,000, எஸ்ஆர்எஃப்னு அடுத்த கட்டம் ஆனதும் 35,000. அதுவும் நேரத்துக்கு வராது, ஒருதடவை எட்டு மாசம் சேர்த்து வந்தது. வந்தா ஸ்கிரைப்புங்களுக்கு ஆட்டோக் காசு, சாப்பாடு. அஞ்சு வருஷத்தோட அதுவும் நின்னுடும். மிச்ச ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துத்தான் சமாளிச்சார். நாலரை வருஷத்துல முடிச்சிருக்க வேண்டிய ஆய்வு, ஏழு ஆச்சு. நடுவுல ஒரு உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்துக்கு முனைவர் பட்டம் இருந்திருந்தா மதிப்பெண் கூடியிருக்கும். அது போச்சு.

நான் அவரைத் திட்டியிருக்கேன். "ஸ்கிரைப் ஏற்பாடு பண்றது காலேஜோட வேலை. நீ பண்ணப் பண்ண அவங்க பண்ணவே மாட்டாங்க"ன்னு. எங்க ரெண்டு பேருக்கும் இதுல இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகல. அவர் சொல்லுவார், "சரிடா, மனு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன். நாளைக்குக் காலையில பரீட்சை இருக்கே, அதுக்கு என்ன பண்ண?" மனுவும் எழுதினோம். மூணு தடவை. ஒருதடவைதான் பதில் வந்தது, "பரிசீலனையில் உள்ளது"ன்னு.

ஞாயித்துக்கிழமை மேடையில பொன்னாடை போத்துற பெரியவங்க யாராவது இருந்தா, பொன்னாடையோட ஒரு ஸ்கிரைப் பட்டியலையும் காலேஜ்ல வச்சுட்டுப் போங்க. கவுன்ட்டர் அக்கா, உங்க மூணு நிமிஷத்துல இதுக்கு ஒரு அரை நிமிஷம் ஒதுக்குங்க.

ராயப்பேட்டை கவுன்ட்டர்:

ஒதுக்கறேன் தம்பி. ஒண்ணரை நிமிஷமே ஒதுக்கறேன். சூரியனுக்கு அரை நிமிஷம் போதும்.

இப்பதான் ஒண்ணு தோணுது. எட்டு வருஷமா அவரைத் தெரியும். ஆய்வு எங்க வரைக்கும் வந்திருக்குன்னு நான் கேட்டது மொத்தம் ரெண்டு மூணு தடவை இருக்கும். அவர் என் பையனோட மேத்ஸ் மார்க்கை ஒவ்வொரு பரீட்சைக்கும் கேட்டிருக்கார்.

முனைவர் (புதுசு):

எல்லாத்தையும் போன்ல வாசிச்சுக் காட்டற டாக்பேக்ல கேட்டேன். ரெண்டு மூணு திருத்தம்.

தங்கச்சி, "வேற்றுமை தாமே ஏழென மொழிப." எட்டு, அதுக்கு அடுத்த நூற்பால வருது: "விளிகொள் வதன்கண் விளியோ டெட்டே." ஆய்வே பாதி இந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நடக்கிற சண்டைதான். மேடையில எட்டுன்னு சொல்லிடாதே, என் நெறியாளர் முன்வரிசையில இருப்பார். ஐயா, நீங்க திருத்தியிருக்கலாம்.

வந்தவாசி, அந்த பிளஸ் டூ பையனுக்குத் தமிழ் தகராறு இல்லை. நீ தப்பா சொன்னதை அவன் சொன்னபடியே சரியா எழுதினான்.

ரூம்மேட் சொன்னது நியாயம். நாலாவது மனு நான் எழுதறேன், அவன் சரிபார்க்கட்டும்.

கூட்டம் ஞாயிறு. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருக்கு அரியர் பரீட்சை, இளங்கலை, ரெண்டும் காலை 10 மணி. பிளஸ் டூ முடிச்ச ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் கிடைச்சாச்சு.

தூங்குமூஞ்சி:

அண்ணா, நான் இப்போ டிகிரி முடிச்சுட்டேனே, செல்லாது. ஆனா என் தம்பி பிளஸ் டூ.

முனைவர் (புதுசு):

அவனும் உன்னை மாதிரிதானா?

தூங்குமூஞ்சி:

என்னைவிட மோசம். திங்கக்கிழமை ராத்திரியே ரெண்டு பேரும் உங்க ரூமுக்கு வந்து படுத்துக்கறோம். எந்த கேட்?